தீசிஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்: வரலாற்று ஆய்வு மாணவி ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறீர்கள். இப்போது மூன்றாம் ஆண்டு. தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமிரபரணிப் பாசனக் குளங்களின் பராமரிப்பு. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இல்லை. கைடு நல்லவர், ஆனால் வேலை பற்றிக் கேட்டால் "முதல்ல தீசிஸை முடிம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். பிளேஸ்மென்ட் செல்லில் கேட்டால் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்பவர்களுக்குத்தான் கம்பெனிகள் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். கல்லூரி வேலை கிடைக்காவிட்டால் இத்தனை வருடப் படிப்பு வீண்தானா, பல்கலைக்கழகத்திடம் எந்த உதவியைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்பவை உங்கள் இரண்டு கேள்விகள்.

வீண் இல்லை. உதவி கேட்க உரிமையும் உண்டு, ஏட்டிலேயே உண்டு. ஆனால் இரண்டுமே நீங்கள் இப்போதே, தீசிஸ் எழுதும்போதே தொடங்கினால்தான் பலன் தரும். பல ஆண்டுகளாக டாக்டரல் கமிட்டிகளில் உட்கார்ந்து நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: நம் ஸ்காலர்கள் அதிகம் சிரமப்படுவது ஆய்வின் நடுவில் அல்ல. தீசிஸைச் சமர்ப்பித்த நாளுக்கும் வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வுக்கும்) இடைப்பட்ட காலத்தில்தான். உதவித்தொகை நின்றுபோயிருக்கும். விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். மதிப்பீட்டு அறிக்கைகள் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். அந்த நேரத்தில் வேலை தேடத் தொடங்குபவர், கையில் கிடைத்த முதல் வேலையை, எந்தச் சம்பளத்துக்கும் ஒப்புக்கொள்கிறார். உங்கள் கைடு சொல்வதில் பாதி சரி: முடிக்காத தீசிஸ் யாருக்கும் உதவாது. மீதிப் பாதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கல்லூரி வேலையைப் பற்றி மறைக்காமல் பேசிவிடலாம். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) மாற்றிவிட்டது. அதனால் எம்.ஏ. முடித்து நெட் எழுதியவரும் உங்களோடு ஒரே வரிசையில் நிற்பார். உங்கள் பட்டம் உங்களைக் கொஞ்சம் முன்னே தள்ளும், அவ்வளவுதான். 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளில், நேர்காணலுக்கு ஆள் எடுப்பதற்கான மதிப்பெண் பட்டியல் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகப் பணிக்கு முனைவர் பட்டத்துக்கு 30, நெட்டோடு ஜே.ஆர்.எஃப். இருந்தால் 7, நெட் மட்டும் என்றால் 5, செட்டுக்கு 3. கற்பித்த அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. கல்லூரிகளுக்கான பட்டியலில் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். விதிகளை மாற்ற 2025 ஜனவரியில் ஒரு வரைவு வெளிவந்து பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. ஆகவே விண்ணப்பிக்கும் சமயத்தில் நடப்பில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலை நான் எல்லா ஸ்காலர்களிடமும் காட்டுவேன். ஐந்து கட்டுரைக்கு மேல் எழுதினால் அந்த மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூட ஏறாது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்களுக்கு நம் பிள்ளைகள் கொடுக்கும் பணம் என்னை உண்மையாகவே வேதனைப்படுத்துகிறது. உதவித்தொகையே இல்லாத ஒருவர் வீட்டில் கடன் வாங்கிக் கட்டுகிறார். தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகள் நீக்கிவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தன் அளவில் அதை வைத்திருக்கிறதா என்று ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். நல்ல இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. இனி எது நல்ல இதழ் என்று பார்க்கும் பொறுப்பு உங்கள் மேலும் உங்கள் துறை மேலும்தான். உங்கள் தலைப்புக்கு இரண்டு கட்டுரை போதும், ஆனால் நீங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வாளர்கள் எழுதும் இதழ்களில் அவை வர வேண்டும்.

தமிழ்நாடு அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழிதான். 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்து, தேர்வு தள்ளித் தள்ளிப் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடையில் கிடைப்பது கெஸ்ட் லெக்சரர், அதாவது கௌரவ விரிவுரையாளர் வேலை. முறையான பணியில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கு அதில் பாதிகூட வருவதில்லை, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். பாடம் நடத்திய அனுபவத்துக்காக ஓரிரு ஆண்டு அதில் இருக்கலாம். நிரந்தரம் வரும் வரும் என்று பத்து வருடம் இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. இதைச் சொல்வதால் சிலருக்குக் கோபம் வரும், தெரியும்.

நெட் எழுதுங்கள், செட்டும் எழுதுங்கள். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் முழு எதிர்காலத்தையும் அந்த ஒரு அறிவிப்பின் மேல் ஏற்றி வைக்காதீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் மூன்று வருடமாக என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? "பிஎச்.டி. பண்றேன்" என்பீர்கள். தலைப்பைச் சொல்வீர்கள். கேட்டவருக்கு ஒன்றும் புரியாது. நீங்கள் செய்ததைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்திருப்பீர்கள். பைமாஷ் கணக்கு (பழைய நில அளவைக் கணக்கு), செட்டில்மென்ட் ரிஜிஸ்டர் (நிலவரிப் பதிவேடு), இனாம் ரிஜிஸ்டர் (மானிய நிலப் பதிவேடு) என்று பார்த்து, எந்தக் குளத்துக்கு எவ்வளவு ஆயக்கட்டு (பாசனப் பரப்பு), யார் பொறுப்பு என்று குளம் குளமாக எடுத்து எழுதியிருப்பீர்கள். கிராமத்தில் மடை திறக்கும் ஆட்களிடமும் வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளிடமும் வயதான விவசாயிகளிடமும் பேசிப் பதிவு செய்திருப்பீர்கள். அவற்றைக் கேட்டு எழுத்தாக்கி, ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களைச் சரிபார்த்திருப்பீர்கள். ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்தைக் கட்டாய உழைப்பாக்கிய 1858ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் ஊரில் சரியாக நடைமுறைக்கு வரவில்லை என்று ஒரு இயல் எழுதியிருப்பீர்கள் அல்லது எழுதப்போகிறீர்கள்.

இந்த வேலைகள் ஒவ்வொன்றும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே சம்பளத்துக்குச் செய்யப்படும் வேலைகள். தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பழைய ஏற்பாடு எப்படி நடந்தது, எங்கே உடைந்தது என்று ஆவணத்தோடு சொல்லக்கூடியவர்கள் நீர்நிலைகளைப் பராமரிக்கும் துறைக்குத் தேவைப்படுகிறார்கள். உங்கள் திருநெல்வேலி மாவட்டத்திலேயே மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. மதுரையில் தானம் அறக்கட்டளை கண்மாய்ப் புனரமைப்பில் நீண்ட காலமாக வேலை செய்கிறது. சென்னை தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கியது, அங்கே நீர்ப்பாசனம் பற்றி நீண்ட ஆய்வு மரபே உண்டு. புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். ஓலைச்சுவடியும் கோயில் ஆவணமும் மட்டும் அங்கே நடக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். சூழலியல், சமூக அறிவியல் துறைகளும் உண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம். அருங்காட்சியகம் என்றால் கீழடியில் 2023இல் திறந்தார்கள், உங்கள் திருநெல்வேலியில் பொருநை. இவற்றில் எல்லாம் நிரந்தர வேலை காத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத் திட்டங்கள்தான். ஆனால் ஒரு திட்டத்தில் நன்றாகச் செய்தவரை அடுத்த திட்டத்துக்கு அவர்களே கூப்பிடுவார்கள், அல்லது வேறு ஒருவரிடம் பெயரைச் சொல்வார்கள். இந்தத் துறையில் வேலை அப்படித்தான் நகர்கிறது.

நம் ஸ்காலர்கள் யோசிக்காத இடம் ஒன்றைச் சொல்கிறேன். நில வழக்குகள். நீர்நிலைப் புறம்போக்கா பட்டா நிலமா என்ற தகராறில் பழைய ரிஜிஸ்டரைப் படித்து, அதில் உள்ள சுருக்கக் குறிகளையும் வழக்கொழிந்த அளவைகளையும் விளக்கிச் சொல்ல ஆள் தேவை. வக்கீல்கள் அப்படிப்பட்டவரைத் தேடுகிறார்கள். இது முழுநேர வேலை ஆகாது, ஆனால் கௌரவமான வருமானம்.

சரி, இதையெல்லாம் அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? இங்கேதான் உங்கள் உழைப்பு வேண்டும். தீசிஸைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே அதிலிருந்து மூன்று சிறிய பொருள்கள் வெளியே வந்திருக்க வேண்டும். முதலாவது, ஒரு தாலுகாவின் குளங்களுக்கு ஒரு வரைபடம். க்யூஜிஐஎஸ் இலவச வரைபட மென்பொருள், கொஞ்ச நாள் உட்கார்ந்தால் அடிப்படை வந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே தொகுத்த பட்டியலை அதில் ஏற்றினால் போதும். இரண்டாவது, பொறியாளரோ மாவட்ட அலுவலரோ பத்து நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடிய இரண்டு பக்கக் குறிப்பு, தமிழில். அதில் முந்தைய ஆய்வுகளின் வரலாறு வேண்டாம், கோட்பாடு வேண்டாம். இந்தக் குளங்களில் பராமரிப்பு இப்படி நடந்தது, இந்தக் காரணத்தால் நின்றது, இப்போது செய்வதென்றால் இதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதுங்கள். மூன்றாவது, பொது வாசகருக்கு ஒரு கட்டுரை, நாளிதழிலோ மாத இதழிலோ.

தமிழில் எழுதினால் கல்விப்புலத்தில் மதிப்பெண் இல்லை என்று சொல்லி ஸ்காலர்களைத் தடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 10 மதிப்பெண்ணுக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது. உங்கள் ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்களும் அந்த உலகத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு குளத்துப் பாசனச் சங்கத் தலைவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார் என்றால், அடுத்த இயலுக்கான தரவும் வரும், வேலைக்கான வழியும் வரும். எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள்: தீசிஸுக்காகப் பேசியவர்கள் பத்திரிகைக்காகப் பேசவில்லை. பெயர் போடுவதற்கு முன் திரும்பப் போய்க் கேளுங்கள்.

பயோடேட்டாவையும் மாற்ற வேண்டும். நான் பார்க்கும் பயோடேட்டாக்களில் முதல் பக்கம் முழுக்கப் பட்டங்களும் கருத்தரங்குச் சான்றிதழ்களும்தான். தேசியக் கருத்தரங்கில் பங்கேற்பு, இணையவழிக் கருத்தரங்கில் பங்கேற்பு என்று நாற்பது வரி. ஒரு ஆய்வு நிறுவனத்தில் ஆள் எடுப்பவர் அதைப் படிப்பதில்லை. அவருக்கு இப்படி எழுதுங்கள்: "பத்தொன்பதாம் நூற்றாண்டு வருவாய்த்துறை ஆவணங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்துக் குளம் வாரியாகத் தரவுத்தாள் தயாரித்திருக்கிறேன். பாசன விவசாயிகளிடம் நேர்காணல் எடுத்து, எழுத்தாக்கி, வகைப்படுத்தியிருக்கிறேன். தாலுகா அளவில் குளங்களின் வரைபடம் உருவாக்கியிருக்கிறேன்." பக்கத்தில் எத்தனை குளம், எத்தனை நேர்காணல், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரையிலான ஆவணம் என்ற எண்களைச் சேருங்கள். தீசிஸ் தலைப்பு கீழே வந்தால் போதும். கல்லூரி வேலைக்கான பயோடேட்டாவை இதோடு கலக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றத் துறையினருக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் படிப்பவர்கள் எல்லோரும் வரலாறு அல்ல. மொழியியல், தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு இப்போது கணினி மொழித் தரவு வேலைகள் வருகின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஏ.ஐ. ஃபார் பாரத், மைசூரில் 1969 முதல் இருக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் போன்ற இடங்களைக் கவனியுங்கள். சமூகவியல், பொருளியல் என்றால் கிரியா பல்கலைக்கழகத்தின் லீட் போன்ற கள ஆய்வு நிறுவனங்கள். அங்கே புள்ளியியல் மென்பொருள் ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பும் பதிப்பாசிரியர் பணியும் எல்லாக் கலைத்துறையினருக்கும் பொது.

இனி இரண்டாவது கேள்வி, பல்கலைக்கழகத்திடம் என்ன கேட்கலாம். இதில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பொறுப்பை முழுக்க மாணவர் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. முனைவர் பட்ட விதிகளை எடுத்துப் படியுங்கள். எந்தத் துறை ஆய்வாளராக இருந்தாலும், அவரவர் பாடத்தைக் கற்பிப்பதிலும் எழுதுவதிலும் ஆய்வுக் காலத்திலேயே பயிற்சி பெற வேண்டும் என்று அதில் இருக்கிறது. வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணி ஒதுக்கலாம் என்றும் இருக்கிறது. பல துறைகளில் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஸ்காலர் தேர்வுத்தாள் எண்ணுகிறார், நாக் குழு (கல்வி நிறுவனத் தர மதிப்பீட்டுக் குழு) வரும்போது கோப்பு அடுக்குகிறார், கருத்தரங்குக்கு மாலை வாங்கப் போகிறார். அந்த மணி நேரத்தை வகுப்பில் பாடம் எடுக்கத் தாருங்கள், எடுத்ததற்குத் துறைத்தலைவர் கையெழுத்தோடு சான்று தாருங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

அதே விதிகளில் ஆய்வு ஆலோசனைக் குழு உண்டு. நாம் டாக்டரல் கமிட்டி என்கிறோம். ஸ்காலர் ஒவ்வொரு செமஸ்டரிலும் அதன் முன் வந்து ஆய்வின் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். என் யோசனை இதுதான், எந்தத் துறையும் பைசா செலவில்லாமல் நாளைக்கே செய்யலாம்: அந்தக் கூட்டத்துக்குத் தரும் முன்னேற்ற அறிக்கையோடு ஒரே ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் தீசிஸ் தவிர என்ன திறமை கற்றேன், யாரோடு வேலை செய்தேன், எதை வெளியிட்டேன், அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்யப்போகிறேன், அதற்குக் கமிட்டி எனக்கு என்ன செய்ய வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். கமிட்டியில் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் இருப்பார். அவருக்கு உங்கள் கைடுக்குத் தெரியாத பத்துப் பேரைத் தெரியும். "மணிமுத்தாறு மையத்துக்கு ஒரு அறிமுகக் கடிதம் வேண்டும்" என்று எழுதியிருந்தால் அவர் அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுவார். பொதுவாக "வழிகாட்டுங்கள் சார்" என்று கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

துறைகள் செய்யக்கூடிய இன்னொன்று. நம் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்கள் ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்கா தளத்தில் ஏறுகின்றன. உங்கள் துறையில் கடந்த 15 ஆண்டுகளில் பட்டம் வாங்கியவர்கள் பெயரும் தலைப்பும் ஆண்டும் அங்கே இருக்கின்றன. அந்தப் பெயர்களை எடுத்து, ஒவ்வொருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு பட்டியல் போட எத்தனை நாள் ஆகும்? இரண்டு எம்.ஏ. மாணவர்களும் ஒரு அலைபேசியும் போதும். ஆனால் தங்கள் பட்டதாரிகள் எங்கே போனார்கள் என்று தெரியாத துறைகள்தான் அதிகம். கல்லூரியில் சேர்ந்தவர்களின் பெயர் மட்டும் நினைவில் இருக்கும். ஆவணக் காப்பகத்தில், பதிப்பகத்தில், தொண்டு நிறுவனத்தில், கூட்டுறவுத் துறையில், பத்திரிகையில் இருப்பவர்களை யாரும் கூப்பிட்டுப் பேச வைப்பதில்லை. அப்படி நாலு பேர் வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு பிற்பகல் பேசினால், பிளேஸ்மென்ட் செல் பத்து வருடத்தில் செய்ய முடியாததை அது செய்யும். துறை செய்யாவிட்டால் ஸ்காலர்கள் நீங்களே சேர்ந்து செய்யுங்கள். எந்த அனுமதியும் தேவையில்லை.

பிளேஸ்மென்ட் செல்லையும் விட்டுவிட வேண்டாம். அவர்களிடம் "கம்பெனி கொண்டு வாருங்கள்" என்று கேட்டால் அவர்களுக்கு வழி தெரியாது. அதற்குப் பதிலாக, இன்ன நிறுவனத்தோடு ஆய்வு மாணவர்களுக்கு இரண்டு மாதக் களப்பணிக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுத் தாருங்கள் என்று, நிறுவனத்தின் பெயரும் தொடர்புக்கு உரியவரின் பொறுப்பும் குறிப்பிட்டு, கைடின் கையெழுத்தோடு கடிதமாகக் கொடுங்கள். ஒப்பந்தக் கணக்கு காட்டுவது பல்கலைக்கழகத்துக்கும் பயன்படும், அதனால் நகரும். போகும்போது இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: மதிப்பூதியம் எவ்வளவு, முடித்தபின் என்ன வேலை செய்தீர்கள் என்று குறிப்பிடும் சான்றுக் கடிதம். இலவசமாக உழைக்க வைக்கும் இடங்களும் உண்டு.

மற்ற நாடுகள் இதில் நம்மைவிடக் கொஞ்சம் முன்னால் யோசித்திருக்கின்றன. பிரிட்டனில் 2002இல் கேரத் ராபர்ட்ஸ் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, ஆய்வு மாணவர்களின் திறன் பயிற்சிக்கென்றே அரசு பணம் ஒதுக்கியது. அங்கே சமூக அறிவியலுக்கான ஆய்வு மன்றம், 2024 முதல் சேரும் தன் உதவித்தொகை மாணவர்கள் கல்விப்புலத்துக்கு உள்ளேயோ வெளியேயோ மூன்று மாதமாவது நேரடிப் பணி அனுபவம் பெறும்படி ஏற்பாடு செய்தது. அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக இருந்த ஆந்தனி கிராஃப்டனும் செயல் இயக்குநர் ஜேம்ஸ் கிராஸ்மனும் 2011இல் வெளிப்படையாக எழுதினார்கள்: பேராசிரியர் வேலைக்கு வெளியே போவதை ஏதோ இரண்டாம் தரமான ஏற்பாடு போலப் பேசுவதைத் துறைகள் நிறுத்த வேண்டும் என்று. அதன் தொடர்ச்சியாக அந்தச் சங்கம் பல பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பாடத்திட்டத்தையே மாற்றிப் பார்த்தது. ஆய்வு மாணவர்களுக்கு எங்கே போனாலும் தேவைப்படும் ஐந்து விஷயங்களாக அவர்கள் கண்டவை: பலதரப்பட்டவர்களுக்குப் புரியச் சொல்வது, கூட்டாக வேலை செய்வது, எண்களைக் கையாள்வது, கணினிவழிக் கருவிகளில் பழக்கம், தனக்குத் தெரியாத துறையிலும் துணிந்து இறங்கும் தன்னம்பிக்கை. கடைசியாகச் சொன்னதுதான் நம் பிள்ளைகளிடம் குறைவு. காரணம் அவர்கள் அல்ல. ஐந்து வருடம் யாரிடமும் எதுவும் கேட்காமல், பேசாமல் இருக்கப் பழக்கிவிட்டு, நேர்காணலில் மட்டும் நிமிர்ந்து பேசு என்றால் எப்படி வரும்?

2017இல் தொடங்கிய இமேஜின்பிஎச்டி என்ற இணையதளமும் பயன்படும். கலை, சமூக அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கென்றே அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழக ஆலோசகர்கள் சேர்ந்து உருவாக்கியது, இலவசம். அதில் சொல்லும் வேலைகள் பாதி நம் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் உங்கள் விருப்பத்தையும் திறமையையும் தனித்தனியாக மதிப்பிட்டுப் பார்க்கும் பகுதி உதவும்.

பணம். நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் ஜே.ஆர்.எஃப். இல்லை என்று எழுதியதில் அது இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். இப்போது மாதம் 37,000, இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) நிலைக்கு உயர்ந்தால் 42,000. வயது வரம்பு 30, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. ஆகவே உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கலாம், கணக்குப் பாருங்கள். இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றமும் வரலாற்று ஆய்வு மன்றமும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குத் தனி உதவித்தொகை தருகின்றன. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் முழுநேர ஆய்வாளர் ஊக்கத்தொகை இரண்டையும் பாருங்கள். லண்டனில் உள்ள ஆவணங்கள் தேவை என்றால், உங்கள் தலைப்புக்கு நிச்சயம் தேவைப்படும், சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை குறுகிய கால ஆய்வுப் பயணத்துக்கு உதவுகிறது. அமெரிக்கா என்றால் ஃபுல்பிரைட்-நேரு. விண்ணப்பம் எழுதுவதே ஒரு பயிற்சி. இரண்டு பக்கத்தில் உங்கள் ஆய்வை விற்கத் தெரிந்தால் பாதி நேர்காணல் முடிந்த மாதிரி.

பெண் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு என்பது பொது வரம்பு, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு வரை தரலாம். ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை பிரசவ, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் விதிகளில் இருக்கிறது. இது யாருக்கும் சொல்லப்படுவதில்லை. தெரியாமலேயே கல்யாணத்துக்குப் பிறகு பதிவை ரத்து செய்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அதில் சிலர் துறையிலேயே மிகச் சிறந்த ஆய்வாளர்கள்.

கைடிடம் எப்படிப் பேசுவது என்ற பயம் உங்களுக்கு இருப்பது கேள்வியின் தொனியில் தெரிகிறது. அவர் உங்களைத் தடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அவர் வந்த வழி. எம்.ஏ., பிஎச்.டி., கல்லூரி, பல்கலைக்கழகம் என்று வந்தவரிடம் தொண்டு நிறுவனத்தில் எப்படிச் சேர்வது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதனால் அவரிடம் வேலையைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். "சார், மூணாவது இயலோட வரைவை டிசம்பர்ல கொடுத்துடறேன். ஜனவரி, பிப்ரவரி ரெண்டு மாசம் மணிமுத்தாறு மையத்துல களப்பணி பண்ண அனுமதி வேணும். அங்க கிடைக்கிற தரவு நாலாவது இயலுக்கு வரும்" என்று தேதியோடு சொல்லுங்கள். தீசிஸ் நகர்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலான கைடுகள் சம்மதிப்பார்கள். சொன்ன தேதியில் வரைவைக் கொடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தால் எனக்கும் அனுப்புங்கள். பெயரையும் துறையையும் எடுத்துவிட்டு அனுப்பினால் போதும். எங்கே தெளிவாகக் கேட்கலாம் என்று குறித்துத் தருகிறேன்.